ஹோமர் சிம்ப்சனிடம் யாரும் தகுதிச் சான்று கேட்பதில்லை

பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஹாஸ்டல் அறையில் ஒரே கட்டிலில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏற்றிக்கொண்ட 'தி சிம்ப்சன்ஸ்' பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஓடியது எட்டாவது சீசனில் வரும் ஃபிராங்க் கிரைம்ஸ் கதை. கடைசிக் காட்சியில் கிரைம்ஸின் சவப்பெட்டி குழிக்குள் இறங்குகிறது. இறுதிச் சடங்குக்கு வந்த ஹோமர் அங்கேயே தூங்கிவிடுகிறான். வீட்டில் டிவி முன்னால் இருக்கிற நினைப்பில், சேனலை மாற்றச் சொல்லித் தூக்கத்தில் மனைவியிடம் உளறுகிறான். துக்கத்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் சிரிக்கிறது. நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்திலிருந்தவன் சொன்னான்: "மச்சான், இந்த ஹோமர் பக்கா கோட்டா கேஸ்டா. ஒண்ணும் தெரியாது, ஆனா வேலை மட்டும் கெடச்சிடும்."

மறுபடியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த இரண்டாவது சிரிப்பு எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. மேட் குரேனிங் உருவாக்கிய சிம்ப்சன் குடும்பம் 1987இல் இன்னொரு நிகழ்ச்சிக்கு நடுவே வரும் துண்டுப் படங்களாகத் தொடங்கியது. 1989 டிசம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் அரை மணிநேரத் தொடரானது. இன்னும் முடியவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அப்பன் ஹோமர், அணுமின் நிலையத்தில் பாதுகாப்பு ஆய்வாளர். ஆய்வு செய்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வான், முக்கியமாகத் தூக்கமும் டோனட்டும். அம்மா மார்ஜ், அடங்காத மகன் பார்ட், அறிவாளி மகள் லிசா, கைக்குழந்தை மேகி. முதலாளி பெயர் பர்ன்ஸ். பிணத்தைப் போல இருப்பார், காசை மட்டும் விடமாட்டார். குடும்பம், தேவாலயம், போலீஸ், பள்ளிக்கூடம், டிவி என்று அமெரிக்கா எதையெல்லாம் கும்பிடுகிறதோ அதையெல்லாம் இந்தத் தொடர் கிண்டலடிக்கும். குறிப்பாக முதல் எட்டு ஒன்பது சீசன்கள் அபாரம். அதற்குப் பிறகு வந்தவற்றைப் பற்றி ரசிகர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், சண்டை வரும்.

இப்போது கிரைம்ஸ்.

1997 மே மாதம் ஒளிபரப்பான கதை அது. எழுதியவர் ஜான் சுவார்ட்ஸ்வெல்டர். ஃபிராங்க் கிரைம்ஸை நான்கு வயதில் பெற்றோர் கைவிட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பதினெட்டு வயதில் ஒரு வெடிவிபத்து. அதிலிருந்து மீண்டு, கிடைத்த ஓய்வு நேரத்தில் படித்து, அஞ்சல்வழியில் அணு இயற்பியலில் பட்டயம் வாங்குகிறான். டிவி செய்தியில் அவனைக் காட்டுகிறார்கள். பர்ன்ஸ் நெகிழ்ந்துபோய், இவனைத் துணைத் தலைவராக்குங்கள் என்கிறார். மறுநாள் அதே டிவியில் வீரச்செயல் புரிந்த ஒரு நாயைக் காட்டுகிறார்கள். பதவி நாய்க்குப் போகிறது. கிரைம்ஸை எங்கேயாவது ஒரு மூலையில் போடச் சொல்கிறார் பர்ன்ஸ். அந்த மூலையில் ஏற்கனவே ஹோமர் உட்கார்ந்திருக்கிறான்.

ஹோமர் அவன் சாப்பாட்டை எடுத்துத் தின்கிறான், பென்சிலைக் கடித்துத் துப்புகிறான், எச்சரிக்கை விளக்கு எரியும்போது குறட்டை விடுகிறான். ஒருநாள் கவனிக்காமல் அமிலத்தைக் குடிக்கப் போகிறவனைக் கிரைம்ஸ் பாய்ந்து தட்டிவிட்டுக் காப்பாற்றுகிறான். சிதறிய அமிலம் சுவரை அரித்துவிடுகிறது. சம்பளம் பிடிக்கப்படுவது யாருக்கு? கிரைம்ஸுக்கு.

சமாதானம் பேச ஹோமர் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறான். மாடி வீடு, இரண்டு கார், மனைவி, பிள்ளைகள், மேசையில் இறால் வகையிலேயே விலை கூடிய லாப்ஸ்டர். கிரைம்ஸ் நிலைகுலைகிறான். அவன் குடியிருப்பது ஒற்றை அறையில். அதற்கு மேலேயும் ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடம், கீழேயும் ஒரு பௌலிங் விளையாட்டுக்கூடம். ஹோமரை அம்பலப்படுத்துவதற்காகச் சிறுபிள்ளைகளுக்கான ஒரு மாதிரி அணுமின் நிலையப் போட்டியில் அவனை ஏமாற்றிச் சேர்த்துவிடுகிறான். ஹோமர் அதில் ஜெயித்துவிடுகிறான், ஊர் கைதட்டுகிறது. கிரைம்ஸுக்குப் புத்தி பேதலிக்கிறது. நானும் ஹோமர்தான், எனக்கும் எதுவும் ஆகாது என்று கத்திக்கொண்டே ஆலை முழுக்க ஓடுகிறான். கையுறை இல்லாமல் உயர் அழுத்த மின்கம்பியைப் பிடிக்கிறான். அவனுக்கு ஆகிவிடுகிறது.

என் ஹாஸ்டல் நண்பன் சொன்னதை இந்தக் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் யார் "கோட்டா கேஸ்"? பரம்பரையில் யாரும் படிக்காத, இரவல் நேரத்தில் படித்துப் பட்டயம் வாங்கிய, ஒரு தப்புக்கும் மன்னிப்புக் கிடைக்காத கிரைம்ஸ் எங்கள் அறையில் யாராக இருந்தான்? முதல் பட்டதாரி சான்றிதழுக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் என் அப்பா நாலு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். எனக்கு இரண்டாம் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது. ஒன்றே ஒன்று, கணக்குப் பாடத்தில். "கோட்டால சீட்டு குடுத்தா இப்டித்தான்" என்று லேபில் என் காதுபடச் சொன்னார்கள். அந்த நகைச்சுவையை அடித்த நண்பனுக்கு அப்போது ஏழு அரியர். அவனைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "அவனுக்கு நல்ல பிரெயின்டா, எஃபர்ட்தான் போட மாட்டேங்குறான்." இதில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அவன் சேர்ந்திருந்தது மேனேஜ்மென்ட் கோட்டாவில். பெயரிலேயே கோட்டா இருந்தும் யாரும் கோட்டா என்று சொல்லாத ஒரே கோட்டா அது.

ஏழு முறை தோற்றும் அவனுக்கு மூளை இருக்கிறது. ஒரே முறை தோற்றதும் எனக்குப் பரம்பரையே கிடையாது.

சிம்ப்சன்ஸை விட்டுவிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த வீடு ஹோமருக்கு எப்படி வந்தது என்று கிரைம்ஸ் தலையைப் பிய்த்துக்கொள்கிறான் அல்லவா, அதற்குப் பதில் நான்கு சீசனுக்கு முன்பே வந்துவிட்டது. 1992 டிசம்பரில் வந்த, லிசா பிறந்த கதையைச் சொல்லும் எபிசோடில் ஹோமரின் அப்பா ஏப் தன் வீட்டை விற்று மகனுக்குப் பணம் கொடுக்கிறார். அந்தப் பழைய வீடு அவருக்கு எப்படி வந்ததாம்? 1950களில் தில்லுமுல்லாக நடந்த ஒரு டிவி போட்டியில் ஜெயித்தது. அப்பாவை எங்களோடேயே வைத்துக்கொள்கிறேன் என்று உருகிய ஹோமர், மூன்றே வாரத்தில் அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டான் என்பது அந்தக் காட்சியின் ஜோக். நாங்கள் அந்த ஜோக்குக்குச் சிரித்தோம், சொத்து கைமாறியதைக் கவனிக்கவில்லை. வேலையும் அப்படித்தான். 1993இல் வந்த ஒரு கதையில் அரசாங்க ஆய்வாளர்கள் வந்து, இந்த வேலைக்கு அணு இயற்பியலில் கல்லூரிப் படிப்பு வேண்டுமே, உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். ஆலை திறந்த அன்றைக்கு வந்து நின்றேன், அவ்வளவுதான் என்கிறான் ஹோமர்.

திறந்த அன்றைக்கு வந்து நின்றவர்கள். நம் ஊர் உயர்கல்வியின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்டு, பிறகு நூலாக வெளிவந்த 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவரின் ஆற்றலை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்கிறார்: உடல்வழி வந்த மரபு, பெற்றோர் பராமரிப்பு, கல்வி போன்ற சமூகம் தந்த முதுசொம், அதற்குப் பிறகு சொந்த முயற்சி. முதல் இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் பந்தயத்தில் "தகுதி" என்று பெயர் வைத்துப் பரிசு தருகிறார்கள். கிரைம்ஸிடம் இருந்தது மூன்றாவது மட்டும். ஹோமரிடம் மூன்றாவது மட்டும்தான் இல்லை. மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூல், சென்னை ஐஐடியை மையமாக வைத்து, சாதி தன்னைத் "தகுதி" என்று எப்படி மொழிபெயர்த்துக்கொண்டது என்பதை ஆராய்கிறது. கல்லூரியில் சேரும் முன்பே படித்திருக்க வேண்டிய புத்தகம். எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிரைம்ஸும் வெள்ளைக்காரன், ஹோமரும் வெள்ளைக்காரன் (மஞ்சளாக இருந்தாலும்). அமெரிக்காவின் வர்க்கமும் நம் சாதியும் ஒன்றல்ல. உவமையை இழுத்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் கிழியும். ஆனாலும் கிரைம்ஸ் செய்த ஒரு பிழை நமக்கு மிக நன்றாகத் தெரிந்த பிழை. அவன் பதவியை நாய்க்குக் கொடுத்தது பர்ன்ஸ். சம்பளத்தைப் பிடித்ததும் பர்ன்ஸ். கிரைம்ஸோ கதை முடியும்வரை பர்ன்ஸ் மேல் ஒரு சொல் கோபப்படவில்லை. உழைப்புக்குப் பலன் உண்டு என்ற மதத்தில் அவ்வளவு பக்தி. அதனால் மொத்த ஆத்திரமும் பக்கத்து மேசைக்காரன் மேல் போகிறது. படிநிலைச் சமத்துவமின்மை வேலை செய்யும் விதமும் இதுதான், அவரவர் கண் அடுத்த படியில் இருப்பவன் மேலேயே இருக்கும். கிரைம்ஸின் சாவுக்கு நான் அழுவேன். அவன் அரசியலை ஏற்கமாட்டேன்.

இந்தத் தொடரில் நிஜமாகவே தகுதிச் சான்று கேட்கப்பட்ட ஒருவன் இருக்கிறான். அபு.

1990 பிப்ரவரியில் முதன்முதலாக வந்த கடைக்காரர் அபு நகசபீமபெட்டிலான். பெயர் சத்யஜித் ராயின் அபுவிடமிருந்து எடுத்தது. குரல், ஹாங்க் அஸாரியா என்ற வெள்ளை நடிகருடையது. 'தி பார்ட்டி' படத்தில் முகத்தில் மை பூசிக்கொண்டு இந்தியராக நடித்த பீட்டர் செல்லர்ஸின் பாணி தனக்கு முன்மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குரலில் நன்றி சொல்லி மீண்டும் வரச்சொல்வதுதான் அபுவின் பிரபலமான வசனம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகளை ஒரு தலைமுறை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் கேலி செய்தார்கள். நியூயார்க்கின் குயின்ஸில் வளர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் 'தி பிராப்ளம் வித் அபு' என்ற ஆவணப்படம் எடுத்து இதைக் கேள்வி கேட்டார். அவரும் இந்தத் தொடரின் ரசிகர்தான், அதனால் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது. 2018 ஏப்ரலில் தொடர் தந்த பதில் கேவலம். அன்று யாரையும் புண்படுத்தாதது இன்று தப்பாகிவிட்டதாம், என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். அதையும் லிசாவின் வாயால் கேட்கவைத்தார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு அநியாயத்துக்கும் தனியாக எழுந்து நின்ற பெண் பிள்ளையின் வாயால். அஸாரியா அவர்களைவிட நேர்மையாக நடந்துகொண்டார். 2020 ஜனவரியில் அபுவுக்குக் குரல் கொடுப்பதிலிருந்து விலகினார், அடுத்த ஆண்டு வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார்.

கொண்டபோலுவின் கேள்வி நியாயமானது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கேட்டது நிறவெறியைப் பற்றி. நான் கேட்பது அதற்குப் பக்கத்து அறையில் இருக்கும் கேள்வி: அபு எந்த இந்தியன்?

கடையில் பிள்ளையார் சிலை. பெற்றோர் நிச்சயித்த பெண்ணோடு 1997இல் கல்யாணம். 1995இல் லிசா சைவமாகும் கதையில் அவளுக்கு வழிகாட்டுவதே அபுதான். சீஸ்கூடத் தொடமாட்டார். கடை மொட்டைமாடித் தோட்டத்தில் பால் மெக்கார்ட்னியோடு உட்கார்ந்து, மற்றவர்களைப் பொறுத்துக்கொள் என்று புத்தி சொல்வார். அழகான காட்சி, மறுக்கமாட்டேன். ஆனால் இந்தியன் என்றாலே இறைச்சி தொடாதவன் என்று முப்பது வருடமாக உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்ததில் அந்த அழகுக்கும் பங்கு உண்டு. மாட்டுக்கறி தின்னும் இந்தியன் ஸ்பிரிங்ஃபீல்டுக்குள் வரவே இல்லை. இங்கே அதே கறியைத் தின்றதற்காக 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் ஓர் ஆய்வு மாணவர் அடிபட்டார். எழுத்தாளர்கள் யோசித்துச் சதி செய்து அபுவை இப்படி ஆக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. 1965 குடியேற்றச் சட்டம் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. அன்றைய இந்தியாவில் படிப்பு யாரிடம் இருந்தது? போனவர்கள் தங்களை இந்தியா என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் நம்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அபுவிடம் சாதி இல்லாத ஒன்று இருக்கிறது: அவருடைய குடும்பப் பெயர். வாயில் நுழையாத நீளமான பெயர் அது. எந்த மாநிலத்துக்காரராலும் அதைக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை அறியாமலேயே நிறைவேற்றிய ஒரே அமெரிக்கக் கார்ட்டூன் பாத்திரம் அபு!

நிஜ அமெரிக்காவில் அப்படித் தப்பிக்க முடியாது. 2020 ஜூன் 26 அன்று, இனி வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்கள் குரல் தரமாட்டார்கள் என்று சிம்ப்சன்ஸ் தரப்பு அறிவித்தது. ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிந்தைய வாரங்கள் அவை. அதற்குச் சரியாக நான்கு நாள் கழித்து, ஜூன் 30 அன்று, சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. மேலாளர்கள் இரண்டு பேரும் இந்தியர்கள், ஆதிக்கச் சாதியினர் என்றது வழக்கு. குற்றச்சாட்டை அவர்கள் மறுத்தார்கள், 2023இல் அவர்கள் இருவர் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது, நிறுவனத்தின் மீதானது தொடர்ந்தது. அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது. கலிபோர்னியா முழுமைக்கும் அப்படியொரு சட்டத்தை ஆயிஷா வஹாப் கொண்டுவந்தார். தேன்மொழி சவுந்தரராஜன் போன்ற தலித் செயற்பாட்டாளர்கள் அதற்காக வருடக்கணக்கில் உழைத்தார்கள். இரு அவைகளிலும் நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்துப் போட மறுத்தார், ஏற்கனவே இருக்கிற சட்டங்களே போதுமாம்.

இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களும் இந்திய வம்சாவளியினரே. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் கேலி செய்யப்படுவார்கள், எங்கள் பண்பாட்டை அவமதிக்கிறார்கள், நாங்கள் சிறுபான்மை என்றார்கள். அபு விவகாரத்தில் கேட்ட அதே சொற்கள். அங்கே அவை அவமதிக்கப்பட்டவரின் சொற்களாக இருந்தன. இங்கே அவமதிப்பைக் கேள்வி கேட்பவரை வாயடைக்கும் சொற்களாகிவிட்டன.

அபுவை மையமாக வைத்து வந்த கதைகளிலேயே சிறந்தது 1996 மே மாதத்தில் வந்தது. ஊருக்குள் ஒரு கரடி வருகிறது. கரடியை விரட்டப் படை வைக்கிறார்கள். படைக்கு வரி போடுகிறார்கள். வரியை எதிர்த்து மக்கள் கொதிக்க, மேயர் பழியைத் தூக்கிக் குடியேறியவர்கள் தலையில் போடுகிறார். ஆவணமில்லாதவர்களை வெளியேற்ற ஒரு வாக்கெடுப்பு. 1994இல் கலிபோர்னியாவில் நிஜமாக நடந்து நிறைவேறிய வாக்கெடுப்பின் நையாண்டி இது. அபு கல்கத்தாவில் எழுபது லட்சம் பேர் படித்த வகுப்பில் முதலாவதாக வந்தவர் என்பதும், அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதும், படிப்புக் கடனை அடைக்கத்தான் கடை வேலைக்கு வந்தார் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. பயந்துபோய்ப் போலி ஆவணம் வாங்கி, கௌபாய் தொப்பி போட்டு, குரலை மாற்றி அமெரிக்கனாக நடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிள்ளையாரை நினைத்து உடைந்து அழுகிறார். இந்தக் காட்சியில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். பிள்ளையாருக்காக அல்ல. பெயரை, ஊரை, அப்பாவின் வேலையை மாற்றிச் சொல்லி ஒரு அறையில் உட்கார்ந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். முதல் வேலையில் ஆறு மாதம் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவை வேறு மாடிக்குக் கொண்டுபோய்த்தான் திறப்பேன்.

கதை முடிவில் அபு தேர்வெழுதிக் குடியுரிமை வாங்கிவிடுகிறார், ஹோமர் வந்தேறிகளை ஆதரித்துப் பேசுகிறான். ஆனாலும் வாக்கெடுப்பு 95 சதவீதத்தில் ஜெயித்துவிடுகிறது. பள்ளிக்கூடத் தோட்டக்காரர் வில்லியை நாடு கடத்துகிறார்கள். நமக்குத் தெரிந்த ஒருவன் தப்பித்தான், சட்டம் அப்படியே இருக்கிறது. நையாண்டி எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை ஒளிக்காமல் காட்டியதற்காகவே நான் இன்னும் இந்தத் தொடரை விடவில்லை.

அந்த ஹாஸ்டல் நண்பன் ஏழு அரியரையும் எழுதி முடித்து, மாமா ஒருவர் வழியாக அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போய், அங்கேயே வேலையில் இருக்கிறான். 2018இல் அபு சர்ச்சை வந்தபோது ஃபேஸ்புக்கில் நீளமாக எழுதியிருந்தான். அலுவலகத்தில் ஒருவன் அபு குரலில் தன்னிடம் காபி கேட்டதாகவும், எல்லோரும் சிரித்ததாகவும், தானும் சேர்ந்து சிரித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை என்றும். உண்மையாக எழுதியிருந்தான். படித்தபோது எனக்கு வலித்தது.

தனிச்செய்தியில் நான் நாலைந்து முறை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "மச்சான், நீ எழுதுனது கரெக்ட். ஃபிராங்க் கிரைம்ஸ் எபிசோட் பாத்தப்ப நீ ஒண்ணு சொன்ன, ஞாபகம் இருக்கா?" என்று அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "எந்த எபிசோட்டா அது?"